எளிதில் காணலாம்

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில் சுபிக்ஷா மறுபடியும் நின்றுபோனாள். மூன்றாவது வரி அவளுக்கு மனப்பாடம், நான்காவது வரியும் மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவை பக்கத்தின் எந்த மூலையில் இருக்கின்றன என்பதுகூடச் சொல்லிவிடுவாள், ஆனால் இரண்டுக்கும் நடுவே ‘இதிலிருந்து எளிதில் காணலாம்’ என்ற பொருளில் ஒரு சின்ன இங்கிலீஷ் வாக்கியம் இருந்தது, அதன் மேல்தான் கண் போய்ப் போய் உட்கார்ந்தது, விரட்டினால் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் அங்கேயே உட்காரும் ஈயைப் போல. மதியச் சாப்பாடு முடித்துப் பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்பு அறைக்கு வந்ததிலிருந்து இதே பக்கம்தான் திறந்து கிடக்கிறது. மூன்று மணிக்கு வெப்ப இயக்கவியலில் இரண்டாவது இன்டர்னல். முதல் இன்டர்னலை வயிற்றுவலி என்று சொல்லி எழுதாமல் விட்டிருந்தாள். இதையும் விட்டால் பருவத் தேர்வை எழுதியும் பெரிதாகப் பயனில்லை என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், தெரிந்ததை நினைத்ததும் வயிறு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்தது, இப்போது பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை என்று நினைத்துக்கொண்டாள். தலைக்கு மேலே மின்விசிறி ஒரு பக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டு சுற்றியது. எதிர் மேசையில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற ஒருவர், முப்பது வயதிருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். பவானி, நொய்யல், அமராவதி. காவிரியின் துணையாறுகள். உதட்டசைவைப் பார்த்தே அவளால் படிக்க முடிந்தது. அவர் அமராவதிக்குப் பிறகு நின்றார், அடுத்த ஆறு வரவில்லை, கண்ணை மூடினார், அவளுக்கும் வரவில்லை, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ஆற்றுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், பிறகு அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டார், அவளுக்குத்தான் கடைசிவரை தெரியாமலே போயிற்று. புத்தகத்துக்குத் திரும்பினாள். ஒரு வாயு விரிகிறது. வெளியிலிருந்து சூடு உள்ளே வருவதில்லை, உள்ளிருந்து வெளியே போவதும் இல்லை. அதன் உள்ளாற்றல் எவ்வளவு மாறும் என்பதற்கு நான்காவது வரியில் ஒரு சூத்திரம், அந்தச் சூத்திரத்தில் ஓர் எண், கொள்ளளவு மாறாமல் இருக்கும்போது வாயுவைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைச் சொல்கிற எண். அது எப்படி இங்கே வந்தது? எளிதில் காணலாம்.

போன மாதம் ஞானசௌந்தரி மேடமும் இதைத்தான் கேட்டார். மேடம் சத்தம் போடுகிறவர் அல்ல, கரும்பலகைக்குப் பக்கத்தில் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, ஏதோ வீட்டுக் கதை பேசுகிற மாதிரிக் கேட்பார். “கொள்ளளவு மாறாதபோதுன்னு அந்த எண்ணோட பேரே சொல்லுது. இங்க வாயு விரிஞ்சுக்கிட்டே இருக்கு, கொள்ளளவு மாறிக்கிட்டே இருக்கு. அப்புறம் அதுக்கு இங்க என்ன வேலை? சுபிக்ஷா, நீ சொல்லு.” அவள் எழுந்தாள். எழுந்தவுடன் பதில் தானாக வாய்க்கு வந்தது, எப்போதும் வருவதுபோல, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல. இதிலிருந்து எளிதில் காணலாம் என்று தொடங்கி நான்காவது வரியை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தாள். முதலில் பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான், பிறகு வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “சரி. யாருக்கு எளிதில்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை, யாரும் உட்கார் என்று சொல்லவில்லை, மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். மேடம் அவள் நிற்பதை மறந்துவிட்டார் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். ஏன் நின்றாய், உட்கார வேண்டியதுதானே என்று கேட்டார்கள். பள்ளியில் சொல்லாமல் உட்கார்ந்தால் முட்டி போட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள். அந்த நாமக்கல் பக்கத்துப் பள்ளியில் இரண்டு வருடம் விடுதியில் இருந்தாள், ப்ளஸ் டூ இயற்பியலில் நூற்றுக்கு நூறு, திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் அவள் முகத்தை வைத்து ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள், ஒரு மழைக்கு அது கிழிந்து நெற்றிவரை மடிந்து தொங்கியது, அப்பா வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் அதை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். விடியற்காலை நாலரைக்கு மணி அடிக்கும். தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். சத்தம் வரணும் சத்தம் வரணும் என்று சொல்லிக்கொண்டே சார் நடப்பார், ஒருத்தி வாயை மூடினால் அவள் யோசிக்கிறாள் என்று அர்த்தம், யோசித்தால் தூங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். நானூறு பேர் நானூறு வரிகளைச் சொல்லும் அந்த இரைச்சலுக்குள் அவள் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறாள் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே வந்த முதல் மாதம் நாலரைக்கு உடம்பு தானாக விழித்துக்கொண்டது. விடுதி அறையில் மற்ற மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். மணி இல்லை என்று தெரிந்தும் காத்திருந்தாள். பிறகு படுத்துவிட்டாள்.

மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. அப்பா. எதிரே இருந்தவர் மடித்த காலை இறக்கி அவளை முறைத்தார், அவள் அதைக் கையால் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். அப்பா குழந்தைவேல் ரிக் வண்டியோடு கர்நாடகப் பக்கம் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார், பின்னால் கம்ப்ரசர் இரைந்தது, அதற்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் அவர் அன்பாகப் பேசுவதும் கோபமாகத்தான் கேட்கும். “கண்ணு, நாளைக்குக் காலைல தங்கவேல் மாமன் கரஸ்பாண்டண்டப் பாக்கப் போறானாமா. நம்ம பக்கத்துக் காலேஜு. ரெண்டாவது வருசத்துல எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்களாமா. நீ என்ன சொல்ற?” இன்னும் யோசிக்கலீங்ப்பா என்றாள் அவள். “யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? அங்கயும் ஸ்டடி ஹவரு இருக்குதாம், காத்தாலயும் ராத்திரியும். ஃபோனெல்லாம் வாங்கி வெச்சுக்குவாங்களாம். ரெண்டு மாசத்துல நீ பழையபடி ஆயிருவ. உன்னத் திட்டலை கண்ணு, ஊரு ஒத்துக்கல, அவ்வளவுதான்.” சாயங்காலம் சொல்றேங்ப்பா என்றாள். “பரீட்சை முடிச்சுட்டுக் கூப்புடு” என்று அவர் வைத்துவிட்டார். பரீட்சை உண்டு என்பது அவருக்கு எப்படித் தெரியும், போன வாரம் அவளேதான் சொல்லியிருந்தாள், மறந்துவிட்டிருந்தது.

இருக்கைக்குத் திரும்பினாள், பக்கம் அப்படியே திறந்திருந்தது, வரிகள் அப்படியே இருந்தன. அந்தக் கல்லூரியை நினைத்தபோது அவளுக்கு வெறுப்பு வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. யாரோ ஒருவர் எழுப்புவார், யாரோ ஒருவர் உட்காரச் சொல்வார், சத்தம் வரணும் என்பார், அவள் வாயைத் திறந்தால் போதும். போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்வது போல இருந்தது அந்த நினைப்பு. இங்கே ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது, எழுப்புகிறவளும் அவள்தான், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று கெஞ்சுகிறவளும் அவள்தான், எழுப்புகிறவளுக்கு எப்போதும் இரக்க மனசு. எத்தனையோ முயன்று பார்த்தாயிற்று. யூடியூபில் ஒரு அண்ணன் இருபத்தைந்து நிமிடம் படி, ஐந்து நிமிடம் ஓய்வெடு என்றார். படிக்கிற இருபத்தைந்து நிமிடமும் அவள் ஓய்வைப் பற்றி நினைத்தாள், ஓய்வில் அடுத்த இருபத்தைந்தைப் பற்றி. கலர் பேனாவில் கோடு போட்டுப் படி என்றாள் அறைத்தோழி, கோடு போட்டுப் போட்டுப் பக்கம் முழுக்க மஞ்சளாகி எது முக்கியமில்லாதது என்று தேட வேண்டியதாயிற்று. சுவருக்குப் பாடம் நடத்து என்றாள் ஒரு சீனியர், சுவர் கேள்வியே கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வாரத்துக்கு ஒரு டைம்டேபிள் போட்டாள், அழகாக வந்திருந்தது, சாயங்காலம் பார்த்தால் அதில் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்ட வேலை எதுவும் நடக்கவில்லை, அதனால் அதைத் திருத்தி இன்னொன்று போட்டாள். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போயிற்று. எழுதும்போதெல்லாம் நன்றாக எழுதினோம் என்றுதான் தோன்றியது, கேட்டதற்குப் பக்கத்தில் எது மனப்பாடமாக இருந்ததோ அதை முழுசாக எழுதியிருந்தாள், கேட்டதைத்தான் எழுதவில்லை. எனக்கு மூளை இல்லையோ. இல்லையென்றால் பேனர் எப்படி வந்தது. பேனரில் இருந்தது யார். வாயுவின் உள்ளாற்றல். கொள்ளளவு மாறாதபோது. கொள்ளளவு என்ற சொல்லையே உற்றுப் பார்த்தால் அதுவும் பொருளில்லாமல் போய்க்கொண்டிருந்தது, கொள், அளவு, கொள்ளு, குதிரைக்குக் கொள்ளு, அம்மா சளிக்கு வைக்கிற கொள்ளு ரசம், இப்போதே எழுந்து விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டால் என்ன, வயிற்றுவலி இருக்கத்தான் செய்கிறது, நாளைக்கு மாமா கரஸ்பாண்டண்டைப் பார்த்துவிட்டால் அப்புறம் இந்த இன்டர்னல் யாருக்கு வேண்டும். புத்தகத்தை மூடினாள். மூடியதும் எவ்வளவு லேசாக இருந்தது.

“அப்பாடி, இங்கதான் இருக்கியா” என்றபடி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள் ரிஸ்வானா. தொண்டியிலிருந்து வந்திருக்கும் வகுப்புத் தோழி, நடந்து வந்ததில் முகம் வியர்த்திருந்தது, துப்பட்டா நுனியால் ஒற்றிக்கொண்டாள். இருவருக்கும் பெரிய பழக்கம் இல்லை, ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசை, அவ்வளவுதான். “எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுடி. நீதான் நூத்துக்கு நூறாமே, எல்லாரும் சொல்றாளுவ.” சுபிக்ஷா புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். எது என்று கேட்டாள். ரிஸ்வானா புத்தகத்தை அவள் கைக்குக் கீழிருந்து உருவித் திருப்பி, அதே பக்கத்தை எடுத்து, அதே இடத்தில் விரலை வைத்தாள். குழாய் தானாகத் திறந்துகொண்டது. மூன்றாவது வரியைச் சொன்னாள், அடுத்து எளிதில் காணலாம் என்று சொல்லப்போகும்போது ரிஸ்வானா, “இரு இரு. ஏன்?” என்றாள். என்ன ஏன் என்று கேட்டாள் சுபிக்ஷா. “அதான், அன்னைக்கி மேடம் கேட்டாங்கல்ல? நீ நின்னுக்கிட்டு இருந்தியே. பெல் அடிச்சப்புறமும் யாருமே சொல்லலை. மேடமும் சொல்லாம போயிட்டாங்க. அதுலேருந்து எனக்கு அது முள்ளு மாதிரி குத்திக்கிட்டே கெடக்கு.” வகுப்பில் சிரித்தவர்களில் இவளும் ஒருத்தி என்று சுபிக்ஷா நினைத்திருந்தாள். சிரித்திருக்கலாம். அதைக் கேட்கவில்லை.

“தெரியல” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. இந்தச் சொல்லை ஒரு பாடத்தைப் பற்றி யாரிடமும் அவள் சொன்னதாக நினைவில்லை, பள்ளியில் தெரியல என்பது ஒரு குற்றம், அதைச் சொல்வதற்குப் பதில் எதையாவது சொல்லிவிட வேண்டும். ரிஸ்வானா திகைக்கவில்லை. “எனக்குந் தெரியல, அதான் உங்கிட்ட வந்தேன். சரி, எது வரைக்கும் தெரியும்?” என்றாள். எது வரைக்கும் தெரியும். இப்படி ஒரு கேள்வியைச் சுவர் கேட்டதே இல்லை. சுபிக்ஷா மூன்றாவது வரியைப் பார்த்தாள், இந்த முறை சொல்லவில்லை, பார்த்தாள். உள்ளாற்றல் என்றால் என்ன என்று ரிஸ்வானா கேட்க, வாயுவின் துகள்களெல்லாம் ஓடுகிற ஓட்டம் என்றாள் இவள். அது எதைப் பொறுத்தது என்றால், வெப்பநிலையை. “வெறும் வெப்பநிலையையா? கொள்ளளவு?” தெரியல. இல்லை, இரு. இந்தப் புத்தகம் முழுக்க ஒன்றையொன்று இழுக்காத துகள்கள் உள்ள வாயு, அப்படியானால் அவை கிட்டே இருந்தால் என்ன, தள்ளி இருந்தால் என்ன. அறை நிசப்தமாக இருந்தது, எதிரே இருந்தவர் தொண்டையைச் செருமினார், இருவரும் குரலைத் தாழ்த்திக் காதோடு காதாகப் பேசினார்கள். அப்படின்னா கொள்ளளவு மாறினாலும் கவலை இல்லை, வெப்பநிலை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதுதான் கணக்கு. எந்த வழியாக வந்தது என்று உள்ளாற்றலுக்கு நினைவில்லை. அது நேராக வந்தாலும் சுற்றி வந்தாலும் ஒன்று என்றால், நமக்குக் கணக்குப் போடச் சுலபமான ஒரு வழியில் வந்ததாக வைத்துக்கொள்ளலாமே, கொள்ளளவு மாறாத வழியில் வந்ததாக. அதற்குத்தான் அந்த எண். சுபிக்ஷா இதைச் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினாள், ஏனென்றால் அடுத்த சொல் என்ன என்று முன்கூட்டித் தெரியாமலே இவ்வளவு தூரம் பேசியிருந்தாள். “அடிப் பாவி” என்றாள் ரிஸ்வானா. “இம்புட்டுத்தானா?” இருவருக்கும் சிரிப்பு வந்தது, நூலகர் எட்டிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது மூன்று மணிக்குக் கால் மணிதான் இருந்தது, ஒரே ஒரு வரியில் மதியம் முழுக்கப் போயிருந்தது, மற்ற அத்தியாயங்களைத் தொடவே இல்லை. “போச்சு, வா” என்று ரிஸ்வானா கையைப் பிடித்து இழுத்தாள். விடுதிக்குப் போகிற வழியும் தேர்வறைக்குப் போகிற வழியும் வாகை மரத்தடியில் பிரிகின்றன. அந்த இடத்தில் அவள் கால் கொஞ்சம் தயங்கியது, ரிஸ்வானா அதைக் கவனிக்காமல் ஏதோ பேசிக்கொண்டே நடந்தாள், பேசுகிறவளைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது மரியாதையாக இல்லாததால் சுபிக்ஷாவும் கூடவே நடந்தாள்.

அந்தக் கேள்வி வரவில்லை. கேள்வித்தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், உள்ளாற்றல் என்ற சொல்லே எங்கும் இல்லை, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் செய்யாமல் முதல் கேள்வியைப் படித்தாள். கார்னோ எஞ்சினின் பயனுறு திறனுக்கான சூத்திரத்தை நிறுவுக. இதுவும் மனப்பாடம்தான், எந்த வரியும் விடாமல் எழுதிவிடலாம், கை ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தது, படம் வரைந்தது, நான்கு கட்டங்களைக் குறித்தது, ஒன்றாவது வரி, இரண்டாவது, மூன்றாவது. ஆகவே இரண்டு கொள்ளளவு விகிதங்களும் சமம் என்பது அடுத்த வரி. ‘ஆகவே’ என்று எழுதிவிட்டுக் கை நின்றது. ஏன் சமம்? யாரும் கேட்கவில்லை, அறையில் பேனாக்கள் ஓடும் சத்தம் மட்டும்தான், ஆனால் கேட்டாயிற்று. சும்மா எழுதிவிடு, எழுதிவிட்டு மேலே போ, மார்க் வரும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அடுத்த வரியைத் தேடினாள், வரவில்லை. வந்த வரிகளும் கலைந்துபோயின. தினமும் ஏறுகிற மாடிப்படியில் ஒரு நாள் காலைப் பார்த்துக்கொண்டே ஏறினால் தடுக்குமே அப்படி, இத்தனை வருடம் தடுக்காமல் ஓடியது ஒரே மதியத்தில் தடுக்க ஆரம்பித்துவிட்டது. பழையது கையைவிட்டுப் போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். முன்னால் ஞானசௌந்தரி மேடம் நாற்காலியில் உட்கார்ந்து வேறெதையோ திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. எது வரைக்கும் தெரியும். கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பென்சிலில் மெதுவாக எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் சூடு வருவதுமில்லை போவதுமில்லை. நான்காவதிலும் அப்படியே. அப்படியென்றால் இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சமன்பாடு. எழுதினாள். வெப்பநிலைகள் இரண்டிலும் அதே இரண்டுதான். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் என்ன ஆகும், வகுத்தாள், ஒரு இடத்தில் தப்பு வந்தது, அடித்தாள், திரும்ப வகுத்தாள். வெப்பநிலைகள் அடிபட்டுப் போயின. விகிதங்கள் மட்டும் மிஞ்சின. சமமாக இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது போல இல்லை. வெளியே காக்கை கத்தியது, அது முன்பே கத்திக்கொண்டிருந்ததா இப்போதுதான் கத்துகிறதா என்று தெரியவில்லை. ஆகவே என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போய் மீதியை எழுதி முடித்தபோது தாள்களை வாங்க ஆரம்பித்திருந்தார்கள். மற்ற நான்கு கேள்விகளும் வெறுமையாக இருந்தன.

“எப்படிடி?” என்று ரிஸ்வானா வாசலில் கேட்டாள். ஒண்ணுதான் எழுதினேன் என்றாள் சுபிக்ஷா. “ஐயய்யோ, பாஸாயிருவியா?” கணக்குப் போட வேண்டியதில்லை. “மாட்டேன்” என்றாள். அது காதில் விழுந்தபோது எதிர்பார்த்த அளவுக்குப் பயமாக இல்லை, பயம் இல்லாமலும் இல்லை. பசித்தது. ரிஸ்வானா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நாளைக்கி மதியம் அடுத்த சாப்டர் பாப்பமா? எனக்கு அதுல ஒரு எழவும் வெளங்கலை” என்றாள். பார்ப்போம் என்றாள். ரிஸ்வானா டீ வாங்கக் கேன்டீனுக்குள் போனதும் சுபிக்ஷா வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டாள். கம்ப்ரசரை நிறுத்தியிருந்தார்கள் போல, அவர் குரல் மிகப் பக்கத்திலிருந்து வந்தது, அந்த அமைதியில் அவர் குரல் வயதானவரின் குரலாக இருந்தது.

“எப்படி கண்ணு எழுதுன?”

“சரியா எழுதலீங்ப்பா. இதுலயும் மார்க் வராது.”

“செரி, விடு. அப்ப மாமன நாளைக்குப் போகச் சொல்லிறட்டுமா?” என்றார்.

“வேண்டாங்ப்பா. நான் இங்கயே படிக்கறேன்.”

“இங்கயேன்னா? மார்க் வராதுங்கற, இங்கயே படிக்கறேங்கற. எனக்குப் புரியல கண்ணு. அங்க உன்னைய யாரு படிக்க வெப்பாங்க?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய்யாக ஏதாவது நல்ல பதில் இருக்கிறதா என்று தேடினாள், இருந்தது, மேடம் பார்த்துக்கொள்வார், சீனியர்கள் இருக்கிறார்கள்.

“யாரும் வெக்க மாட்டாங்கப்பா” என்றாள்.

மறுமுனையில் அப்பா மூச்சு விடுவது கேட்டது. அவர் அடுத்து என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.